குமார்யாசவம் (கத்தாழைச் சாறைப் புளிக்க வெச்சுச் செய்யற ஆயுர்வேத மருந்து) ஈரலைக் காக்குதான்னு எலிக்குக் கொடுத்துப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

கன்னங்குறிச்சிப் பொண்ணு:
எம்.ஃபார்ம் (மருந்தியல் மேல்படிப்பு) முடிச்சு 7 வருஷமாச்சு, இதை வெச்சுப் பண்ணின புராஜெக்ட்டோட வைவா, அதான் வாய்மொழித் தேர்வு, இன்னும் மறக்கல. கத்தாழை ஏற்காடு அடிவாரத்துல பறிச்சது, புளிக்க வைக்கிற காட்டாத்திப்பூ செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில வாங்கினது. வெல்லம் போட்டுப் பரணி வாயைக் கட்டியாச்சு. தீக்குச்சியை வாய்கிட்ட கொண்டுபோனா பொசுக்குனு அணையும், உள்ள இன்னும் புளிக்குதுன்னு அர்த்தம். 32-ஆம் நாள் குச்சி அணையாம நின்னு எரிஞ்சுது. லேப்ல கைதட்டினோம்.

அப்புறம் வழக்கமானதுதான். குரூப்புக்கு 6 விஸ்டார் எலி (லேப்ல வளர்க்கிற வெள்ளெலி), ஈரலைக் கெடுக்க பாரசிட்டமால் உடல் எடை கிலோவுக்கு 2 கிராம். பாரசிட்டமால் மட்டும் வாங்கின எலிக்கு ஈரல் வெளிறி, திட்டுத்திட்டா இருந்துச்சு. ஆசவ எலிக்குச் செக்கச்செவேல்னு. ஈரல் கெட்டா ரத்தத்துல ஏறுற எஸ்ஜிபிடியும், ஒப்பிட்டுப் பாக்க சிலிமரின்ங்கற ஈரல் மருந்து கொடுத்த குரூப்புக்குப் பக்கத்துல. வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஈரல் ஸ்லைடைத் தொடவே இல்ல. "ஆசவத்துல சாராயம் இருக்கில்லம்மா, வெறும் சாராயம் குடிச்ச குரூப் எங்க?"ன்னார்.

இல்ல. கண்ட்ரோலுக்கு, அதாவது ஒப்பிட்டுப் பாக்க வெச்ச மருந்தில்லாத குரூப்புக்கு, தண்ணிதான் கொடுத்திருந்தேன்.

ஆத்தூர் ரோடு:
நான் அந்த வெறும் சாராய குரூப்பை வெச்சு மாட்டினவன். ஆல்கஹாலும் பாரசிட்டமாலும் ஒண்ணா உள்ள போனா, பாரசிட்டமாலை விஷமாக்குற சிஒய்பி 2இ1 நொதி ஆல்கஹாலோட மல்லுக்கட்டிட்டு நிக்கும். விஷம் கம்மியாத்தான் உருவாகும். (நாள்பட்ட குடிகாரனுக்கு நேர்மாறு.) என் சாராய எலியும் பாதி தப்பிச்சிருச்சு. மூலிகை என்னத்தக் கிழிச்சுதுன்னு கேட்டாங்க, முழிச்சேன்.

காப்பித்தோட்டம்:
சாராயம் சாராயம்னு ஏன் பூச்சாண்டி காட்டறீங்க? யாரும் ஊத்துறதில்ல, தானா ஊறுறது, 5லிருந்து 10 சதவீதம். எங்கப்பாரு காமாலைக்கு இதைத்தான் குடிச்சாரு, தெளிஞ்சுட்டாரு. இன்னொண்ணு கேட்டுக்கோ கண்ணு. பரணியை நெல்லுக்குள்ள புதைச்சு வெய்யி, சூடு ஒரே சீரா நிக்கும். பழைய காட்டாத்திப்பூ வாங்காத, புளிக்கவே புளிக்காது. மலைக்குளிர்ல பத்து நாள் சேத்தியே விடு. வாயைக் கட்டுற துணிக்கு மேல மண்சீலை பூசு. காடி வாடை அடிச்சா யோசிக்காம கீழ ஊத்திரு.

ஆத்தூர் ரோடு:
அப்பாருக்கு வந்தது ஏ வகைக் காமாலையா இருந்தா வெறும் மோர் குடிச்சிருந்தாலும் தெளிஞ்சிருப்பாருங்க. அங்கயும் கண்ட்ரோல் குரூப் இல்ல.

காப்பித்தோட்டம்:
எங்கப்பாரு என்ன எலியா?

கன்னங்குறிச்சிப் பொண்ணு:
அண்ணா, நான் இப்ப ஒரு மெடிக்கல் ஷாப்புல இருக்கேங்க. பரணியில அம்மா நார்த்தங்காய் போட்டு வெச்சிருக்காங்க.