அம்மாவின் பிரஷர் மாத்திரை: அளவு சரியாகக் காட்டும் நாளில் நிறுத்தலாமா?

நொய்யல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 63 வயது. காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்தில் தனியாக இருக்கிறார். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். ஆறு ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்து வருகிறார். காலையில் டெல்மிசார்ட்டான் 40 மி.கி., இரவில் அம்லோடிபின் 5 மி.கி. என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. சென்ற வாரம் ஊருக்குப் போனபோது, எல்லா மாத்திரைகளையும் அட்டையிலிருந்து உரித்து, அடுக்களையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மொத்தமாகப் போட்டு வைத்திருந்ததைப் பார்த்தேன். நிறத்தையும் அளவையும் பார்த்துத்தான் காலைக்கு எது, இரவுக்கு எது என்று எடுக்கிறார்.

வீட்டு மெஷினில் 128/80 என்று வந்துவிட்டால், "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீணா மருந்து" என்று அன்றைக்கு விட்டுவிடுகிறார். 150-ஐத் தாண்டினால் இரண்டாகப் போட்டுக்கொள்கிறார். போன மாதம் அப்படிப் போட்ட மறுநாள் விடியற்காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவர், கிறுகிறுத்துச் சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக்கும் அவ்வப்போது எடுக்கிறார். மாலையானால் இரண்டு கணுக்காலும் வீங்குகின்றன. பிரஷர் மாத்திரையால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து, நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது. அவரிடம் எதை முதலில் எடுத்துச் சொல்வது?

வைகைக்கரை:

சகோதரி, அரசு மருத்துவமனை மருந்தகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் அம்மா சொல்லும் அதே வார்த்தையை ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் பிடிவாதத்தால் அப்படிச் செய்யவில்லை. கண்ணால் கண்டதை நம்புகிறார். அம்லோடிபின் உடலிலிருந்து மெதுவாக வெளியேறும் மருந்து. அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் ஒருநாள் விட்டாலும் மறுநாள் மெஷின் நல்ல எண்ணைத்தான் காட்டும். "மாத்திரை இல்லாமலே சரியாக இருக்கிறது" என்று அவர் நினைப்பது, நேற்றும் முந்தாநாளும் போட்ட மாத்திரை இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதால்தான். 128/80 என்ற எண் மாத்திரை கொடுத்த பலன் என்பதை இந்த விளக்கத்தோடு சொல்லிப் பாருங்கள். பலரும் இதைக் கேட்ட பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மறந்துபோன வேளையை அதே நாளில் சீக்கிரம் நினைவு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். ஈடு கட்டுவதற்காக இரண்டாகப் போடவே கூடாது. அவர் சுவரைப் பிடித்து உட்கார்ந்ததும் இதனால்தான் இருக்கக்கூடும். அந்த வயதில் அப்படி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெல்மிசார்ட்டான் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் மாத்திரை; உரித்து வைத்தால் பொதபொதவென்று ஆகிவிடும், எடுக்கும் நேரத்தில்தான் அட்டையைப் பிரிக்க வேண்டும். அடுப்பின் ஆவியும் வெக்கையும் படாத அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். கடையில் பத்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பகுதி அவர்களிடமே தங்கிவிடும். முழு அட்டையாக வாங்குவது நல்லது. நிறமும் கம்பெனியும் மாறினாலும் அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் மாறாது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகச் சிரமம் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

பாலாறு:

எல்லா மாத்திரையும் அம்லோடிபினைப் போல மெதுவாக விடைபெறாது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எனக்கு அட்டெனலால் எழுதியிருந்தார்கள். உறவினர் திருமணத்துக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டது. நான்கு நாள்தானே என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்து, வேர்த்துக் கொட்டியது. அட்டெனலால், மெட்டோபுரலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தமும் இதயத் துடிப்பும் எகிறும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். நிறுத்த வேண்டியிருந்தால் அவர்களே படிப்படியாகக் குறைப்பார்கள். இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு வாரத்துக்கான மாத்திரையைக் கூடுதலாக வைத்துக்கொள்கிறேன்.

தாமிரபரணி:

நான் பொது மருத்துவர். உங்கள் அம்மாவை நேரில் பார்க்காததால் அளவு எதையும் மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கேள்வியில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது டைக்ளோஃபினாக்தான். அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும். டெல்மிசார்ட்டானோடு சேரும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கவும் கூடும். நீர் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். சிறுநீரகம் கெட்டுவிடும் என்று பயந்து பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு வலி மாத்திரையைத் தொடர்வது, காக்கும் மருந்தை விட்டுவிட்டுக் கெடுக்கும் மருந்தைப் பிடித்துக்கொள்வதாகும். கட்டுப்படாத இரத்த அழுத்தமே சிறுநீரகத்தைப் பாழாக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. மூட்டு வலிக்கு வேறு வழிகள் உண்டு. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சளிக்குக் கடையில் வாங்கும், ஃபீனைலெஃப்ரின் கலந்த மாத்திரைகளும், இருமலுக்கு நாள்தோறும் போடும் அதிமதுரக் கஷாயமும்கூட அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. பொட்டாசியம் கலந்த "சோடியம் குறைந்த" உப்பை டெல்மிசார்ட்டான் எடுப்பவர்கள் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

கணுக்கால் வீக்கம் அம்லோடிபினின் அறியப்பட்ட பக்கவிளைவு. அளவு கூடும்போது வீக்கமும் கூடும். ஆனால் இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் கோளாறாலும் கால் வீங்கும் என்பதால் நேரில் காட்டுவது அவசியம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், அதோடு பொட்டாசியம் ஆகிய இரத்தப் பரிசோதனைகளை எப்போது கடைசியாகச் செய்தார்கள் என்றும் பாருங்கள். கடுமையான வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால், அன்றே மருத்துவரை அழைத்து மாத்திரையைத் தொடர்வதா என்று கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கப் போகும் காலையிலும், வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், ஒரு வாய்த் தண்ணீரோடு பிரஷர் மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம்.

அழுத்தம் பார்க்கும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். காபி குடித்து அரைமணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் ஒரு வாரம் எழுதி வைத்தால், அந்தத் தாள் ஒற்றை எண்ணைவிட எனக்கு அதிகம் சொல்லும். வீட்டு அளவில் சராசரி 135/85-க்குக் கீழே இருப்பது நல்லது. 180/120-ஐத் தாண்டி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பார்த்துவிட்டு, மருத்துவரைக் கேளுங்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து அவசரமாக இறக்கும் பழைய வழக்கம், அழுத்தம் சடாரென்று சரிந்து பக்கவாதத்தில் முடியக்கூடும்.

நொய்யல்:

அனைவருக்கும் நன்றி. வைகைக்கரை ஐயா சொன்னபடி, குப்பைக் கூடையிலும் பீரோவிலும் இருந்த அட்டைகளைத் தேடி எடுத்து வரச்சொல்லி, வீடியோ அழைப்பில் ஒவ்வொன்றின் பின்புறத்தையும் காட்டச் சொன்னேன். காலை மாத்திரை வெறும் டெல்மிசார்ட்டான் அல்ல; மூன்று மாதங்களுக்கு முன் மாற்றி எழுதியதில், டெல்மிசார்ட்டான் 40-உம் அம்லோடிபின் 5-உம் ஒரே மாத்திரையாக இருக்கிறது. பழைய அம்லோடிபினையும் அம்மா இரவில் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வைகைக்கரை:

அட்டையில் பெயருக்குப் பின்னால் "ஏஎம்" என்று இருக்கும், கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் அம்லோடிபின் சேர்ந்திருப்பதற்கான குறி அது. "எச்" என்றிருந்தால் நீர் மாத்திரை சேர்ந்தது. எழுதிக் கொடுத்த மருத்துவரை இன்றே அழையுங்கள். இரண்டு அட்டைகளின் படத்தையும் அனுப்புங்கள்.

நொய்யல்:

அழைத்தேன், ஐயா. புதியதை எழுதியபோதே பழையதை நிறுத்த வேண்டும் என்பதுதான் அவர் எண்ணமாம். இரவு மாத்திரையையும் டைக்ளோஃபினாக்கையும் நிறுத்தச் சொல்லி, கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க எழுதித் தந்திருக்கிறார். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். அம்மா காலை அளவை நாள்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். இன்றைக்கு 134/82 வந்தது, மாத்திரையும் போட்டுவிட்டேன் என்று அவராகவே போனில் சொன்னார்.