புதுப்பிப்பு: ட்விஸ்ட் லாக் போட்ட பிறகும் கண்டெய்னர் ஏன் ஆடுகிறது?

ட்விஸ்ட் லாக் என்பது கண்டெய்னரை டிரெய்லரோடு பிடித்து வைக்கும் பூட்டு; அதன் தலை பெட்டியின் மூலைத் துளைக்குள் நுழைந்து, கைப்பிடியால் திருப்பியதும் மாட்டிக்கொள்ளும். டிரெய்லரில் கண்டெய்னர் பூட்டுவது பற்றிய என் முந்தைய பதிவில், கைப்பிடியை 90 டிகிரி திருப்பினால் போதும் என்று எழுதியிருந்தேன். அது தவறு. அடியில் நட் உள்ள லாக்கில் திருப்புவது பாதி வேலைதான். நட் தளர்ந்திருந்தால், தலை குறுக்கே நின்றாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி எழும்பி விழும். தலையும் கழுத்தும் தேயும்.

மூலைவார்ப்பின் (பெட்டியின் ஒவ்வொரு மூலையிலும் உள்ள துளையிட்ட இரும்புக் கட்டி) அடித்துளை 124க்கு 63.5 மி.மீ. நீள்துளை. தலை நேராக நுழைந்து, குறுக்கே திரும்பியதும் மாட்டிக்கொள்ளும். ஒரு மூலை சரியாக உட்காராவிட்டால் கைப்பிடி பாதியில் முட்டும். சுத்தியலால் அடிக்காதீர்கள், பெட்டியைத் தூக்கி மறுபடி இறக்கச் சொல்லுங்கள்.

திருப்பியதும் நட்டை இறுக்கி, கைப்பிடியை அதன் கொக்கியில் மாட்டுங்கள். சிறிது தூரம் ஓடியபின் நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். 40 அடிப் பெட்டிக்கு நான்கு லாக், இரண்டு 20 அடிப் பெட்டிகளுக்கு எட்டு. காலிப் பெட்டிதானே என்று ஒன்றைக்கூட விடக்கூடாது. பக்கக் காற்றில் முதலில் சாய்வது அதுதான்.

கைப்பிடியை மட்டும் நம்பவும் வேண்டாம். உள்ளே கைப்பிடியையும் தலையையும் இணைக்கும் பின் (pin) அறுந்திருந்தால் கைப்பிடி திரும்பும், தலை திரும்பாது. மூலைவார்ப்பின் பக்கத் துளையில் டார்ச் அடித்தால் தலை எப்படி நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியும். இறக்கும்போதும் இதே சோதனை கட்டாயம்: ஒரு லாக் விடுபடாமல் கிரேன் தூக்கினால் டிரெய்லரும் சேர்ந்து மேலே போகும், டிரைவர் கேபினில் இருந்தால் அவரும்தான்.