அவசரம்: வேகத்தடையில் அடிபட்டு வண்டிக்கு அடியில் ஒழுகுகிறது

மூன்றாம்கியர், இரவு 7.12
செங்கம் தாண்டி ஒரு ஊருக்குள் வேகத்தடை. வெள்ளைக்கோடும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. டம்மென்று அடி. இறங்கிப் பார்த்தால் சொட்டுகிறது. வீட்டுக்கு இன்னும் 40 கிலோமீட்டர். மெதுவாக ஓட்டிப் போய்விடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவைவாசி, 7.15
என்ன வண்டி? எத்தனை பேர்? ஏசி ஓடியதா? வெறும் ஏசி தண்ணீராகவும் இருக்கலாம்.

கிரீஸ்கை, 7.17
தொட்டுப் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சையோ ரோஸோ என்றால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறதா?

டீக்கடைஓரம், 7.20
சலவை சோப்பை நனைத்து ஓட்டையில் அழுத்தித் தேயுங்கள். எங்கள் மாமா அப்படியே சேலம் வரை வந்து சேர்ந்தார்.

கிரீஸ்கை, 7.21
அது டீசல் டேங்க் கசிந்தால் செய்வது. சேம்பர் என்பது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி; அந்தச் சூட்டில் சோப்பு நிற்காது. எண்ணெய்ப் பசைமேல் ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசையும் ஒட்டாது.

பழையஅம்பாசடர், 7.24
30 வருஷமாக ஓட்டுகிறேன், ஒருமுறைகூட சேம்பர் இடித்ததில்லை. வேகத்தடைமேல் ஏறும்போதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து இடிக்கத்தான் செய்யும். ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து பிரேக்கை விட்டுவிட வேண்டும். இதெல்லாம் எல்-போர்டு பாடம், தம்பி.

மூன்றாம்கியர், 7.26
கறுப்புதான். செடான். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். விளக்கு விட்டுவிட்டு எரிகிறது.

கிரீஸ்கை, 7.27
இன்ஜினை உடனே நிறுத்துங்கள், மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை. சேம்பர் நசுங்கி உள்ளே உறிஞ்சுகுழாயை அடைத்திருந்தால், புது ஆயில் ஊற்றினாலும் மேலே ஏறாது. ஆயில் இல்லாமல் இன்ஜின் சீஸ் ஆகிவிடும், இறுகி நின்றுவிடும். இன்சூரன்ஸ் பாலிசித் தாளில் உள்ள எண்ணுக்கு அழைத்து, வண்டியைத் தூக்கிப்போக ஆள் கேளுங்கள். இடித்து உடைந்த சேம்பருக்கு கிளெய்ம் உண்டு. அதற்குப் பிறகும் ஓட்டி இன்ஜின் போனால் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள்.

கோவைவாசி, 7.40
இனிமேலாவது அடியில் இரும்புத் தகடு போடுங்கள். நான் போட்டிருக்கிறேன்.

பழையஅம்பாசடர், 7.44
தகடு போட்டால் இருக்கிற உயரமும் குறையும். பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்கு ஓட்டை விட்டார்களா, இல்லை ஆயில் மாற்றும்போதெல்லாம் தகட்டைக் கழற்றுகிறீர்களா?

கோவைவாசி, 7.46
ஓட்டை இருக்கிறது. கண்ணும் இருக்கிறது.

தார்ச்சாலை, 8.02
குற்றம் வண்டியிலும் இல்லை, ஓட்டியவரிடமும் இல்லை. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி வேகத்தடை வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். ஊருக்குள் அதே உயரத்தை ஒரு மீட்டர் அகலத்தில் கட்டிவைத்தால் செடான் வயிறு தட்டாமல் என்ன செய்யும்?

பழையஅம்பாசடர், 8.05
டேப்பை எடுத்துக்கொண்டு அளந்துகொண்டே போங்கள். குறுக்காகச் சாய்த்து ஏற்றினால் தட்டாது.

தார்ச்சாலை, 8.06
எதிரே லாரி வரும்போது குறுக்காகவா?

பழையஅம்பாசடர், 8.09
லாரி போகும்வரை நிற்கத் தெரியாதா?

டீக்கடைஓரம், 8.31
சோப்பு போட்டுப் பார்த்தீர்களா இல்லையா?

மூன்றாம்கியர், மறுநாள் மாலை 5.50
சேம்பர் மாற்றியாகிவிட்டது. குழாயும் வளைந்திருந்ததாம். இன்ஜின் தப்பித்தது. கிரீஸ்கை அண்ணனுக்கு நன்றி.

கோவைவாசி, 5.58
செலவு எவ்வளவு? கிளெய்மில் எவ்வளவு கொடுத்தார்கள்?

கோவைவாசி, மூன்று நாள் கழித்து
தம்பி?