ஃபில்டர் சேர்த்ததும் ஷுட் (should, 'இருந்தால் நல்லது' வகை நிபந்தனை) சும்மா ஆகிவிட்டது: உங்களுக்கும் ஆகியிருக்கா?

கோரமங்களாவாசி:
எலாஸ்டிக்சர்ச் (தேடல் மென்பொருள்), வாடகை வீடு தேடல். பூல் க்வெரியில் (bool, பல நிபந்தனைகளைச் சேர்த்துக் கேட்பது) லிஃப்ட், கார் பார்க்கிங் இரண்டும் ஷுட். ஏதாவது ஒன்று உள்ள வீடு மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. வாடகை 30,000க்குள் என்று ஒரு ரேஞ்ச் ஃபில்டர் சேர்த்ததும் ரிசல்ட் எண்ணிக்கை ஏறியது! ஃபில்டர் போட்டால் குறையத்தானே வேண்டும்? லிஃப்டும் பார்க்கிங்கும் இல்லாத நாலாம் மாடி வீடெல்லாம் பட்டியலில். எர்ரர் கிடையாது. ஷுட் தனியாக இருந்தால் மினிமம் ஷுட் மேட்ச் (குறைந்தது எத்தனை ஷுட் பொருந்த வேண்டும் என்ற எண்) தானாக 1. மஸ்ட்டோ (must, கட்டாய நிபந்தனை) ஃபில்டரோ பக்கத்தில் வந்தால் 0. அதன்பின் ஷுட் ஸ்கோரை (பொருத்த மதிப்பெண்ணை) ஏற்றும், பொருந்தாத வீட்டை வெளியே தள்ளாது. 1 என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

மடிவாளா டெவ்:
தீராது ப்ரோ. நாளைக்கு 'பால்கனி இருந்தால் நல்லது' என்று கேட்பார்கள். அதையும் அதே ஷுட்டில் போட்டால் பால்கனி மட்டும் உள்ள வீடும் அந்த 1-ஐக் காட்டி உள்ளே வந்துவிடும். லிஃப்ட், பார்க்கிங் இரண்டையும் தனி பூலாக்கி வெளி ஃபில்டருக்குள் வையுங்கள். பால்கனி வெளி ஷுட்டில் இருக்கட்டும். உள் பூலில் 1 தானாக வரும் என்றாலும் எழுதியே வையுங்கள். யாராவது அதற்குள் இன்னொரு ஃபில்டரைச் செருகுவார்கள். எலாஸ்டிக்சர்ச்சின் பழைய 6-ஆம் பதிப்பில் ஃபில்டருக்குள் இருக்கும் பூலுக்கு 1 தானாகவே கிடைத்தது, 7.0-இல் எடுத்துவிட்டார்கள். அப்கிரேட் அன்று எங்களுக்கு வெடித்தது அதுதான்.

எச்.எஸ்.ஆர். பையன்:
ஃபில்டரில் ஏன்? மஸ்ட்டில் வைத்தால் போதாதா?

மடிவாளா டெவ்:
லிஃப்ட், பார்க்கிங் இரண்டும் உள்ள வீடு மேலே வரணும் என்றால் மஸ்ட். ஆம் இல்லை என்று மட்டும் பார்க்க ஃபில்டர்: ஸ்கோர் கணக்கு இல்லை, கேஷும் (cache, விடையைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது) ஆகும். ஏரியா பெயரை விளம்பர வாசகத்தின்மேல் மேட்சாக மஸ்ட்டில் போட்டுப் பாருங்கள், 'கோரமங்களா கோரமங்களா' என்று நாலு தடவை எழுதிய புரோக்கர் முதலிடத்தில் உட்காருவார். ஆனால் எல்லாமே ஃபில்டர் என்றால் எல்லா ஸ்கோரும் 0. சார்ட் (sort, எதை வைத்து வரிசைப்படுத்துவது என்பது) கொடுக்காவிட்டால் வரிசைக்கு அர்த்தமே கிடையாது.

சிவாஜிநகர் சோலர்:
எங்கள் பக்கம் சோலர் (Solr, இன்னொரு தேடல் மென்பொருள்). 'லிஃப்ட் ஆண்ட் பார்க்கிங் ஆர் பால்கனி' என்று அடைப்புக்குறி இல்லாமல் அடித்தால் முதல் இரண்டும் கட்டாயம், பால்கனி வெறும் விருப்பம். பால்கனி மட்டும் உள்ள வீடு வரவே வராது. டீபக் க்வெரியை (debugQuery) ட்ரூ ஆக்கினால் பிளஸ் லிஃப்ட், பிளஸ் பார்க்கிங், வெறும் பால்கனி என்று பார்ஸ் ஆனது அப்படியே தெரியும். இன்னொன்று, அடைப்புக்குள் மைனஸ் (இது வேண்டாம் என்பது) மட்டும் இருந்தால் அந்தத் துண்டு எதையும் பிடிக்காது. முன்னால் ஸ்டார் கோலன் ஸ்டார் (*:*, எல்லாம் என்று பொருள்) சேர்க்கணும். குறைந்தது எத்தனை ஷுட் என்பதைச் சதவீதமாகப் போடுகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: 3 ஷுட்டுக்கு 75% என்றால் 2.25, கீழே வெட்டி 2.

கோரமங்களாவாசி:
பிரித்துவிட்டேன், பால்கனி அடங்கிவிட்டது. எந்த ஷுட்டால் எந்த வீடு வந்தது என்று பார்க்க எக்ஸ்பிளெயின் (explain, ஸ்கோர் விளக்கம்) தானா? பக்கம் பக்கமாக வருகிறது.

மடிவாளா டெவ்:
வேண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் அண்டர்ஸ்கோர் நேம் (_name) கொடுங்கள். ரிசல்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே மேட்ச்டு க்வெரீஸ் என்று பொருந்தியவற்றின் பெயர் மட்டும் வரும்.