கரிசல் மண்ணில் அஸ்திவாரம்: பேச்சாளர் தயார், கிளைகள் கைகொடுங்கள்

வணக்கம். நம் சங்கத்தின் மதுரைக் கிளையிலிருந்து எழுதுகிறேன். அண்டர் ரீம்டு பைல் என்ற அஸ்திவாரத் தூண் பற்றிப் பேச, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஜனவரி கடைசி வாரம் சென்னையிலிருந்து வரச் சம்மதித்திருக்கிறார். ரயில் செலவைத் தலைமைச் சங்கம் ஏற்கும். தங்க இடம், சாப்பாடு, கார் எல்லாம் நம் பொறுப்பு.

அவரை மதுரையோடு திருப்பி அனுப்ப மனமில்லை. கரிசல் மண்ணே விருதுநகர், கோவில்பட்டிப் பக்கம்தானே! மழைக்கு உப்பி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற மண். ஈரம் ஏறி இறங்குகிற மேல்மண்ணைத் தாண்டி 3.5 மீட்டராவது இறங்கி, அடியில் குமிழாக விரிந்து பிடித்துக்கொள்வதுதான் இந்தப் பைல். போன வருடம் ஒரு மேஸ்திரி, மூலைவாட்டில் பிளந்த சுவரைச் செல்போனில் காட்டி, "இதுக்கு என்ன சார் பண்றது?" என்றார். என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. அவரைப் போன்றவர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும்.

அந்த இரண்டு ஊரிலும் மாலை 6 மணிக்கு நூறு பேர் உட்காரும் அரங்கும், பொறுப்பேற்க ஓர் ஆளும் தேவை. முகூர்த்த நாள் வேண்டாம், மண்டபமும் கிடைக்காது, ஆளும் வராது. ஒரு நாளைக்கு ஒரு கூட்டம்தான். பேராசிரியருக்கு 70 வயது தாண்டிவிட்டது. அப்புறம், புரொஜெக்டரை முந்தின நாளே போட்டுப் பாருங்கள். போன தடவை கேபிள் பொருந்தாமல் அவரை முக்கால் மணி நேரம் காக்கவைத்துவிட்டோம்; அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

முடிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், டிக்கெட் போட வேண்டும்.