மாமியாரை பால்ரூம் டான்ஸ் ஸ்டூடியோல பிரான்ஸ் (வெண்கல) மெடல் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

எடிசன்_மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நியூஜெர்சில இருக்கோம். மாமா தவறினதுக்கு அப்புறம் அத்தை திருச்சியிலேர்ந்து எங்ககூடவே வந்துட்டாங்க, ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, வயசு 63. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா பகல் பூரா பேச ஆளில்லாம ரொம்ப ஒடுங்கிப் போயிருந்தாங்க. பக்கத்து வீட்டு போலந்துக்காரம்மா ஒரு நாள் சும்மா வந்து பாருங்கன்னு கூட்டிட்டுப் போன இடம்தான் இந்த பால்ரூம் ஸ்டூடியோ, ஜோடியா ஆடுற மேல்நாட்டு டான்ஸ் சொல்லிக் குடுக்கிற இடம். பார்க்கப் போனவங்க இப்போ வாரத்துல ரெண்டு குரூப் க்ளாஸ், ஒரு பிரைவேட் க்ளாஸ், வெள்ளிக்கிழமை ராத்திரி பார்ட்டின்னு ஒண்ணையும் விடுறதில்ல.

வால்ட்ஸ்ங்கிற டான்ஸை எப்படிப் பிடிச்சாங்கன்னா, சின்ன வயசுல பாட்டு கத்துக்கிட்டவங்க, அதனால மூணு எண்ணிக்கையைக் கேட்டதும் தகிட தகிடன்னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே ஆட ஆரம்பிச்சுட்டாங்க. கட்டம் மாதிரி அடி வச்சு இடது பக்கம் திரும்புற லெஃப்ட் டர்னிங் பாக்ஸ் வரலைன்னு என் பையனோட கிராஃப் நோட்டுல கட்டம் போட்டு, ஒவ்வொரு மூணு அடிக்கும் கால் வட்டத் திருப்பம், 12 அடியில முழு வட்டம்னு கணக்கு போட்டு வச்சிருக்காங்க. டீச்சர் சின்னப் பையன், அவனை தம்பின்னுதான் கூப்பிடுவாங்க, அவனும் இப்போ அத்தைன்னு கூப்பிடுறான்.

விஷயம் என்னன்னா, அடுத்த சீசன்ல பிரான்ஸ் மெடல் டெஸ்ட் எடுங்க, ஷோகேஸ்ங்கிற ஸ்டூடியோ நிகழ்ச்சியில ஒரு சோலோ ஆடுங்கன்னு ஸ்டூடியோல சொல்லியிருக்காங்க. அத்தைக்கு ஆசை கண்ல தெரியுது, ஆனா வாய் விட்டுக் கேட்க மாட்டேங்கிறாங்க. எனக்குத் தெரிய வேண்டியது: இந்த மெடலுக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கா, இல்ல காசு கட்டினா எல்லாருக்கும் குடுக்கிறதா? செலவு எங்க போய் நிக்கும்? ஊர்ல சொந்தக்காரங்க வேற, இந்த வயசுல அந்நிய ஆம்பளை கையைப் பிடிச்சு ஆடுறதான்னு போன்லயே ஆரம்பிச்சுட்டாங்க. டிரெஸ்ஸுக்கு என்ன செய்யிறது?

டல்லாஸ்_ஸ்மூத்:

முதல்ல உங்க அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. நான் ரொம்ப வருஷமா அமெரிக்கன் ஸ்மூத்ங்கிற பால்ரூம் வகை ஆடுறேன், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

மெடல் டெஸ்ட் போட்டி கிடையாது, யாரையும் ஜெயிக்க வேண்டாம். ஒவ்வொரு லெவலுக்கும் இன்னின்ன ஃபிகர், அதாவது அடிகளோட அமைப்புன்னு சிலபஸ் இருக்கு, அதை எக்ஸாமினர் முன்னாடி டீச்சரோட ஆடிக் காட்டணும். அவர் பார்க்கிறது தாளம், நிக்கிற விதம், காலடி, ஃபிரேம் (கையும் தோளும் பிடிச்சிருக்கிற விதம்), டீச்சர் இழுக்காமலேயே தன் எடையைத் தானே தாங்குறாங்களா, இதெல்லாம். அமெரிக்கன் ஸ்டைல் பிரான்ஸ் வால்ட்ஸ்ல பாக்ஸ் ஸ்டெப், லெஃப்ட் டர்ன், ரைட் டர்ன், அண்டர்ஆர்ம் டர்ன் இதெல்லாம் வரும். அடிப்படையில மூணாவது எண்ணிக்கையில கால் ரெண்டும் வந்து சேரணும். அடுத்த லெவலான சில்வர்ல சேராம கடந்து போகிற கன்டினியூட்டி வந்துடும், அங்கதான் பல பேர் திணறுவோம். பிரான்ஸை அவசரமா முடிச்சவங்க சில்வர்ல அப்படியே தெரிஞ்சுடும், உங்க அத்தை மாதிரி கட்டம் போட்டுக் கத்துக்கிறவங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

காசு கட்டினா குடுப்பாங்களான்னா, தயாராகாதவங்களை நல்ல டீச்சர் டெஸ்ட்டுக்கே அனுப்ப மாட்டார், அதனால பெரும்பாலும் பாஸ் ஆயிடுவாங்க. அதுக்காக மதிப்பு இல்லைன்னு ஆகிடாது. எக்ஸாமினர் சொல்ற, எழுதித் தர்ற கருத்துதான் முக்கியம், தலை சாயுது, உடம்பை மேல எழுப்புற ரைஸ் சீக்கிரம் வந்துடுதுன்னு வாரா வாரம் பார்க்கிற டீச்சருக்குப் பழகிப்போன குறையெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும். வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினரா, ஸ்டூடியோ ஆளேவான்னு கேட்டுக்கோங்க, வெளி ஆள்னா நல்லது.

வெள்ளிக்கிழமை பார்ட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட வேண்டாம்னு சொல்லுங்க. க்ளாஸ்ல கத்துக்கிறது ஒரு டீச்சரோட கையை, பார்ட்டியில பத்து பேரோட கை, பத்து விதமான லீட், அதாவது வழிநடத்துற விதம். அங்கேயும் ஒழுங்கு இருக்கு, வால்ட்ஸ், டேங்கோ, ஃபாக்ஸ்ட்ராட் மாதிரி நகர்ற டான்ஸ் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில ஓரமாச் சுத்தி வரணும், சா சா, ஸ்விங், ரம்பா ஆடுறவங்க நடுவுல நிப்பாங்க. புதுசா வந்தவங்க சுவர் ஓரமா உட்கார்ந்துட்டா பழைய ஸ்டூடண்ட் யாராவது போய்க் கூப்பிடணும், எங்க ஸ்டூடியோல இதைச் சட்டமா யாரும் போடல, ஆனா செய்யாதவங்களை நான் பார்த்ததில்ல. போன மாசம் எங்க இடத்துல முட்டி ஆபரேஷன் முடிஞ்சு திரும்பி வந்த ஒருத்தர் ஒரே ஒரு ஃபாக்ஸ்ட்ராட் முழுசா ஆடி முடிச்சார், மொத்த ஹாலும் எழுந்து நின்னு கை தட்டிச்சு. சாம்பியன் வந்து ஷோ ஆடினப்ப கூட அவ்வளவு சத்தம் கேக்கல.

செலவுன்னு வந்தா, பிரைவேட் க்ளாஸ் 100 டாலரைச் சுத்தி இருக்கும், பெரிய ஊர்ல கூடவே. மெடல் டெஸ்ட்டும் ஷோகேஸும் சமாளிக்கலாம். பட்ஜெட்டை உடைக்கிறது ப்ரோ-ஆம் போட்டிதான். அதுல டீச்சரோட ஜோடியா ஆடுவாங்க, ஒவ்வொரு ஹீட்டுக்கும் (ஒரு சுற்று ஆட்டம்) தனி ஃபீஸ், டீச்சருக்கு நாள் கூலி, ஹோட்டல், பேக்கேஜ்னு ஒரு வார இறுதியிலேயே சில ஆயிரம் டாலர் போயிடும். அதை இப்போதைக்குத் தள்ளி வைங்க.

காலேஜ்_டீம்_முன்னாள்:

ப்ரோ-ஆம் பத்தி அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். வயசு, லெவல், டான்ஸ்னு பிரிச்சுப் பிரிச்சு வைக்கிறதால சில பிரிவுல ஒரே ஒரு ஜோடிதான் இருக்கும், அப்போ முதல் பரிசு தானா வந்துடும். அதனால யாராவது ஆறு ஃபர்ஸ்ட் ப்ளேஸ்னு சொன்னா எதிர்ல எத்தனை பேர்னு பாருங்க. நிஜமாவே கூட்டம் இருக்கிற ஹீட்ல நாலாவதா வர்றதைத்தான் நான் பெருசா நினைப்பேன். ஃபைனல்ல மார்க்கைக் கூட்டிப் போட மாட்டாங்க, ஒவ்வொரு ஜட்ஜும் 1, 2, 3ன்னு இடம் குடுப்பாங்க, பெரும்பான்மை யாருக்கு இருக்கோ அவங்கதான். ஸ்கேட்டிங் சிஸ்டம்னு பேரு. அஞ்சு ஜட்ஜ்ல ஒருத்தருக்குப் பிடிக்காம போனாலும் மூணு பேர் சேர்ந்தா இடம் உறுதி.

நான் ஆடினது காலேஜ் டீம்ல, ஸ்டூடண்டும் ஸ்டூடண்டும் ஜோடி சேர்றது, செலவு ரொம்பக் கம்மி. அத்தைக்கு ஒத்துப்போற பார்ட்னர் பார்ட்டியில யாராவது கிடைச்சா அமெச்சூர் போட்டி எல்லாம் இருக்கு, பெரியவங்களுக்கு சீனியர் பிரிவும் உண்டு.

இன்னொண்ணு முக்கியமா. எங்க அம்மாவை ஒரு ஸ்டூடியோல 50 க்ளாஸ் பேக்கேஜ் ஒரே நாள்ல முடிவு பண்ணுங்கன்னு தனி ரூம்ல உட்கார வச்சுப் பேசினாங்க. பாதியில நிறுத்தினா மிச்சப் பணம் திரும்பி வரவே வராதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. தனியா இருக்கிற பெரியவங்க சந்தோஷத்தை வச்சு இப்படிக் கறக்கிறது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். எந்த பேப்பர்ல கையெழுத்து போட்டாலும் நீங்க பக்கத்துல இருங்க, ரீஃபண்ட் விதியை எழுத்துல வாங்குங்க.

குராய்டன்_அக்கா:

வணக்கம்மா. நான் லண்டன் பக்கம், ஊர் யாழ்ப்பாணம். இங்க மெடல் டெஸ்ட் நல்லாப் பழைய வழக்கம். ஐஎஸ்டிடி எண்ட டான்ஸ் ஆசிரியர் சங்கம் 1904ல தொடங்கினது, 1924ல பால்ரூமுக்கெண்டு தனிப்பிரிவு வந்து அடி, தாளம் எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தினவை, 1922ல உலகச் சாம்பியனா வந்த விக்டர் சில்வெஸ்டரும் அதில இருந்தவர். எங்கட க்ளாஸில சின்னப் பிள்ளையும் எழுபது வயசு ஆக்களும் ஒரே நாளில டெஸ்ட் எடுப்பினம். ஒருத்தர் ஆடி முடிஞ்சு வர வெளியில நிக்கிற மற்றவை ஓடி வந்து கட்டிப்பிடிப்பினம்.

உடுப்புக்கு: சேலை வேண்டாம். பின்னால கால் வைக்கிறது கூடவும் பொம்பிளைதான், கொசுவத்தில குதி மாட்டினா விழுந்துடுவா. கணுக்காலுக்கு மேல நிக்கிற விரிஞ்ச நீளப் பாவாடையும் கை வச்ச மேல்சட்டையும் போதும், ஒடுங்கின கால் வச்ச சல்வாரும் சரி. மெடல் டெஸ்டுக்கு மினுக்குற உடுப்புத் தேவையில்லை.

சொந்தக்காரர் கதைக்கிறதுக்கு: உங்கட மாமியாருக்கே கூச்சமெண்டால் மட்டும் யோசியுங்கோ. அப்பிடியெண்டால் சா சா, ஸ்விங் மாதிரி ரிதம் டான்ஸில டெஸ்ட் எடுக்கட்டும், அதில கை மட்டும் பிடிச்சால் அனேகமாப் போதும். அவவுக்குச் சரியெண்டால் மற்றவைக்கு ஏன் பதில் சொல்லுவான்? புருஷன் போனாப்பிறகு ஒரு மனுசி சிரிச்சுக்கொண்டு வீட்டை வாறா, அதைவிட என்ன வேணும் உங்களுக்கு எண்டு கேளுங்கோ.

குயின்ஸ்_அப்பா:

எங்க பொண்ணு அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போது அவ ஸ்கூல்லயே பால்ரூம் வந்துச்சு. பியர் டுலேன்ங்கிறவர் 1994ல ஆரம்பிச்ச டான்சிங் க்ளாஸ்ரூம்ஸ் திட்டம், நியூயார்க் பள்ளிகள்ல இருபது பாடமா நடத்துவாங்க. ஆம்பளப் பசங்க கையைப் பிடிக்க மாட்டேன்னு அழுத பொண்ணு, கடைசியில எதிர்ல இருக்கிறவனைக் கண்ணப் பார்த்து, ஆடலாமான்னு கேட்டு, முடிஞ்சதும் நன்றி சொல்லிட்டு வர்றா. அதனால தொட்டு ஆடுறதுன்னாலே தப்புன்னு பேசுறவங்களை ஒரு தடவை பார்ட்டிக்குக் கூட்டிட்டுப் போங்க, பார்த்தா பேச்சு மாறும்.

டாக்டரா ஒரு வார்த்தை. 2003ல நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த, நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியில நடந்த ஆய்வு, 75 வயசுக்கு மேல 469 பேர், உடம்பை அசைக்கிற பொழுதுபோக்குல டான்ஸ் ஆடினவங்களுக்கு மட்டும்தான் மறதி நோய் வர்றது கம்மியா இருந்துச்சு. டான்ஸ்தான் காரணம்னு அதை வச்சு நிரூபிக்க முடியாது, ஆனா அடியை ஞாபகம் வச்சு, தாளம் கேட்டு, இன்னொருத்தர் அசைவுக்கு உடனே பதில் குடுக்கிற வேலை மூளைக்கு நல்லதுன்னு நான் நம்புறேன்.

எடிசன்_மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, எல்லாத்தையும் அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். குராய்டன் அக்கா எழுதினதைக் கேட்டுட்டு, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு எனக்குக் கூச்சமெல்லாம் இல்லைன்னு சொன்னாங்க. வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் ரெண்டுலயும் டெஸ்ட் எடுக்கிறதா முடிவு. எக்ஸாமினர் வெளி ஆள்தானாம், விசாரிச்சுட்டேன். ரீஃபண்ட் விதியை மெயில்ல அனுப்பச் சொல்லியிருக்கோம், வர்ற வரைக்கும் ஒத்தை ஒத்தை க்ளாஸாத்தான் கட்டப் போறோம். ஒரே சந்தேகம், இப்போ வாக்கிங் ஷூ போட்டுத்தான் ஆடுறாங்க, திரும்பும்போது முட்டி வலிக்குதாம். என்ன ஷூ வாங்கலாம்?

டல்லாஸ்_ஸ்மூத்:

முட்டி வலிக்கு அந்த ஷூவே காரணமா இருக்கலாம், ரப்பர் அடி தரையைப் பிடிச்சுக்கும், உடம்பு திரும்பும் பாதம் திரும்பாது, முட்டிதான் முறுக்கு வாங்கும். ஸ்வேட்ங்கிற மென் தோல் அடி வச்ச ஷூ வாங்குங்க, ஒண்ணரை இஞ்சுக்கு மேல ஹீல் வேண்டாம், அகலமான ஹீலா, கணுக்கால்ல வார் வச்சதா பாருங்க. வெளியில போட்டு நடக்கக் கூடாது, ஈரம் பட்டா அடி கெட்டுடும். கூடவே ஒரு கம்பி பிரஷ் வாங்கி அப்பப்போ தேய்க்கணும். ஷூ மாத்தியும் வலி போகலைன்னா டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் டெஸ்ட் தேதி வைங்க. தேதி முடிவானதும் இங்க போடுங்க.