வாட் மட்டும் மாற்றினால் என்ன ஆகிவிடும்?

பழையகை: 12 கேஜ் ஷாட்கனுக்கு (ரவைத் துப்பாக்கிக்கு) வீட்டிலேயே தோட்டா நிரப்ப ஆரம்பித்து 15 வருஷம் ஆகிறது. வெடிமருந்துக் கம்பெனி அட்டவணையில் சொன்ன வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் வைக்கும் அடைப்பு) கிடைக்கவில்லை. அதே உயரத்தில் வேறொன்றைப் போட்டு 200 தோட்டா நிரப்பிவிட்டேன். பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி) வேறு கம்பெனிதான். மருந்தைத் துளியும் கூட்டவில்லை. இதற்குப் போய் ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்? வழக்குக்குப் பயந்துதான் கம்பெனிகள் இவ்வளவு கறாராக எழுதுகின்றன என்பது என் கருத்து.

தராசுமுள்: அண்ணா, அழுத்தத்தை முடிவு செய்வது மருந்தின் எடை மட்டும் இல்லையே. பிரைமரின் சூடு, வாட் எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது, எவ்வளவு நசுங்குகிறது, ஹல்லுக்குள் (தோட்டாவின் கூடு) எவ்வளவு இடம், கிரிம்ப் (கூட்டின் வாயை மூடும் மடிப்பு) எவ்வளவு ஆழம், எல்லாமே சேர்ந்ததுதான். 12 கேஜ் 2¾ அங்குலத் தோட்டாவுக்கு அமெரிக்காவின் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற துப்பாக்கி, தோட்டாத் தர அமைப்பு வகுத்த உச்ச அழுத்தம் 11,500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அட்டவணையில் பல கலவைகள் (மருந்து, வாட், பிரைமர், ஹல் சேர்க்கைகள்) 10,000-ஐத் தாண்டியே நிற்கின்றன. பிரைமரை மாற்றினால் மட்டுமே வரம்புக்கு மிச்சமிருக்கும் அந்த இடைவெளி காணாமல் போகலாம். நீங்கள் இரண்டை மாற்றியிருக்கிறீர்கள்.

பழையகை: அழுத்தம் ஏறினால் எனக்குத் தெரியாதா? சுட்ட ஹல்லை எடுத்து, பிரைமர் தட்டையாகியிருக்கிறதா, பித்தளை வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். ரைஃபிள் தோட்டாவுக்கும் மருந்தைக் குறைவாக ஆரம்பித்து, அடையாளம் பார்த்துத்தானே ஏற்றுகிறோம்.

தராசுமுள்: அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரவே கூடாது. .30-06 ரைஃபிளின் வரம்பு 60,000 பி.எஸ்.ஐ. அந்த அழுத்தத்தில் பித்தளை ஏதாவது காட்டிக்கொடுக்கும். ஷாட்கன் வரம்பு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைத் தாண்டிய பிறகும் ஹல் சாதாரணமாகவே இருக்கும். அழுத்தத்தை அளக்கும் சோதனைத் துப்பாக்கிக் குழல் நம் யார் வீட்டிலும் கிடையாது. அந்த அளவை நமக்காக எடுத்துத் தருவதுதான் அட்டவணை.

மண்தட்டு: குறைவாக ஆரம்பிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. பாதுகாப்பு என்று நினைத்து நான் ஒருமுறை மருந்தைக் குறைத்தேன். குளிர் நாள். ‘டப்’ என்று வரவேண்டிய சத்தம் ‘புஸ்’ என்று வந்தது. அடுத்த தோட்டாவைப் போடக் கையை நீட்டிவிட்டேன். ஏதோ சந்தேகத்தில் காலி செய்து குழலைப் பார்த்தால், நடுவில் வாட் சிக்கியிருந்தது. அதன்மேல் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும், என் இடது கை அதற்குக் கீழேதான் இருந்தது.

அப்புறம், புதியவர்களுக்கு ஒன்று. கடைத் தோட்டாப் பெட்டியில் ‘3 டிராம்’ என்று இருப்பதைப் பார்த்து மருந்தை நிறுக்காதீர்கள். அது பழைய கரிமருந்து தரும் வேகத்துக்கு ஒப்பீடு. டிராம், கிரெயின் இரண்டும் எடை அளவுகள்; 3 டிராம் என்றால் 82 கிரெயின். புகையில்லா மருந்தில் சாதாரண இலக்குத் தோட்டாவுக்கே 20 கிரெயின் அளவில்தான் போகும்.

பழையகை: சரி, கையில் இருக்கும் வாட்டுக்கு அட்டவணையில் கலவையே இல்லை என்றால்?

தராசுமுள்: அந்த வாட்டையே வைத்து வேறு மருந்து, வேறு ஹல்லில் தேடிப் பாருங்கள். வாட் கம்பெனிகளும் அட்டவணை தருகின்றன. இல்லாவிட்டால் மருந்துக் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். எங்கும் இல்லை என்றால் அந்த வாட் காத்திருக்கட்டும். அந்த 200-ஐச் சுட வேண்டாம் அண்ணா. வெட்டிப் பிரியுங்கள், ரவை திரும்பக் கிடைக்கும். மருந்தை மட்டும் பழைய டப்பாவில் கொட்டாதீர்கள். ஹல்லில் பிரைமர் இன்னும் உயிரோடுதான் இருக்கும், அதைத் தட்டி எடுக்க முயல வேண்டாம்.

பழையகை: வழக்குப் பயம் பற்றிச் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஹல்லைப் பார்த்து அழுத்தம் தெரியாது என்பது உறுத்துகிறது. 15 வருஷமாக அதைத்தான் நம்பியிருந்தேன். பெட்டிமேல் ‘சுடக்கூடாது’ என்று எழுதி ஒதுக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரிக்கிறேன்.